ஐந்து அதிர்வு கீழே

அத்தியாயம் 14

கொசு கப்பலை விட்டு இறங்கி இருபத்தெட்டு நாள் ஆகிறது. அவள் கால்கள் இன்னும் இறங்கவில்லை. பல் தேய்க்கும்போதுகூட ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொள்கிறாள்.

அந்தக் கப்பலின் சாப்பாட்டுக் கூடத்தில் ஒன்பது மாதம், நால்வர் குழுவில் இரண்டாம் வயலின் வாசித்தாள். அலை பெரிதாக வந்தால் செல்லோக்காரர் நாற்காலியோடு நழுவி இவள் பக்கம் வருவார். அலை திரும்பும்போது அவரும் திரும்பிப் போவார். வாசிப்பை மட்டும் நிறுத்தமாட்டார். பயணிகள் அதை நடனம் என்று நினைத்துக் கைதட்டினார்கள். மூன்றாம் மாதம் கம்பெனி அதை நிகழ்ச்சி நிரலிலேயே அச்சடித்துவிட்டது. அப்புறம் அலை இல்லாத நாளில் பாவம் அந்த மனிதர் காலால் உந்திக்கொண்டு வரவேண்டியதாயிற்று.

கம்பெனி மறுபடி கூப்பிட்டிருக்கிறது. இன்னும் ஒன்பது மாதம். நாளை மாலைக்குள் பதில் சொல்லியாக வேண்டும்.

அதற்கு முன் இன்று ஒரு தேர்வு. ஊரின் சிம்பொனி இசைக்குழுவில் இரண்டாம் வயலின் வரிசையில் ஒரு நாற்காலி காலி. நிரந்தர நாற்காலி, நழுவாது. அதற்குப் பதினோரு பேர் போட்டி. போன இரண்டு வருஷத்தில் இதேபோல் வேறு இரண்டு நாற்காலிகளுக்கு வாசித்து, இரண்டிலும் கடைசிச் சுற்றில் கழன்றவள் கொசு. இதுவும் போனால் கப்பல்தான்.

கொசு என்பது பெயர் இல்லை. பள்ளிச் சான்றிதழில் வேறு ஒன்று இருக்கிறது. அதை எழுதிய குமாஸ்தாவைத் தவிர யாரும் அதைப் பயன்படுத்தியதில்லை. ஐந்து வயதில் அவள் வயலினின் மேல் தந்தியில் முதன்முதலாக வில்லை வைத்தபோது, அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்த அம்மா கண்ணைத் திறக்காமலே கையை வீசித் தன் கன்னத்தில் ஒன்று போட்டுக்கொண்டாள். பெயர் அன்றைக்கு வைத்தது.

அதற்கப்புறம் பதினெட்டு வருஷப் பயிற்சி. கீழ்வீட்டுக்காரர் தாங்கமுடியாமல் வீட்டை மாற்றிக்கொண்டு போனார். போன இடத்தில் எதிர்வீட்டில் ட்ராம்போன் ஊதுகிறவர். ஆறே மாதத்தில் பெட்டியோடு திரும்பி வந்தவர், "பாப்பா இன்னும் வயலின்தானே?" என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் பூட்டைத் திறந்தார்.

அப்பா பியானோ ட்யூனர். இசைமண்டபத்துப் பியானோவுக்கு இருபத்தாறு வருஷமாக அவர்தான் சுருதி சேர்க்கிறார். தட்டிப் பார்க்கும் சுருதிக்கவை, சுருதி காட்டும் மீட்டர் எதையும் தொடமாட்டார், காதுதான். ஒருமுறை பக்கத்துத் தெரு ஆலையில் போய், உங்கள் சங்கு அரை அதிர்வு இறங்கியிருக்கிறது, என்னவோ சரியில்லை என்று சொன்னார். சிரித்து அனுப்பினார்கள். மறுவாரம் பாய்லர் வெடித்தது. யாருக்கும் அடி இல்லை. அதிலிருந்து மாதம் ஒருமுறை அவரைக் கூப்பிட்டு, உட்காரவைத்து, சங்கு ஊதிக் காட்டினார்கள்.

இப்படிப்பட்டவர் வீட்டில் இருக்கும் பியானோ மட்டும் சுருதி குறைவு. அதற்கு எழுபது வயது. உள்ளே இருக்கும் சட்டத்தில் விரிசல். முழு முறுக்குக்கு ஏற்றினால் இரண்டாகப் பிளந்துவிடும் என்று அப்பா அதை எப்போதும் கொஞ்சம் தளர்த்தியே வைத்திருப்பார். எல்லா வாத்தியமும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்கிற 'ஏ' சுருதி, இசைமண்டபத்தில் விநாடிக்கு நானூற்று நாற்பத்திரண்டு அதிர்வு. வீட்டில் நானூற்று முப்பத்தேழு.

ஐந்து அதிர்வு என்றால் நமக்கெல்லாம் ஒன்றும் தெரியாது. கொசுவுக்குத் தெரியும். வீட்டு சுருதியிலேயே வளர்ந்து இசைக்கல்லூரிக்குப் போனவள், முதல் நாள் எல்லோரும் தப்பாக வாசிக்கிறார்கள் என்று நினைத்தாள். எல்லோரும் இவளை அப்படி நினைத்தார்கள். அதைச் சரிசெய்ய ஒரு வருஷம் ஆயிற்று. இப்போது அவளுக்கு இரண்டு காது: வீட்டுக்கு ஒன்று, வெளிக்கு ஒன்று.

அன்று காலை ஆறு மணிக்கே அப்பா கிளம்பிப் போய்விட்டார். தேர்வு நாளில் பியானோ புதிதாகச் சுருதி சேர்த்திருக்க வேண்டும் என்பது விதி. கொசு ஏழு மணிக்கு எழுந்து, பதினெட்டு வருஷப் பழக்கத்தில், மூடி திறந்தே இருந்த வீட்டுப் பியானோவின் 'ஏ'யை ஒரு தட்டு தட்டி, அதற்கு வயலினைச் சேர்த்துக்கொண்டாள். சேர்த்து முடித்த பிறகுதான் ஞாபகம் வந்தது.

"அம்மா, கீழ சேத்துட்டேன்."

"அங்க போய் ஏத்திக்கோ. பஸ்ஸ விட்டா ஏத்திக்கவும் முடியாது."

அம்மா நீதிமன்றத்தில் ஸ்டெனோ. யார் எப்போது என்ன சொன்னார்கள் என்பதை வார்த்தை பிசகாமல் வைத்திருப்பது அவள் வேலை. வீட்டில் அதைச் சம்பளம் இல்லாமல் செய்கிறாள். அன்று மகளுக்காக லீவு போட்டிருந்தாள்.

"கை நடுங்குதா?"

"இல்ல."

"போன வருஷம் நவம்பர்லயும் இல்லன்னுதான் சொன்னே. அப்புறம் பேனா மூடியத் திறக்க என்னைக் கூப்பிட்டே."

"இப்ப நடுங்கலம்மா."

"சரி. வாட்டர் பாட்டில் என்கிட்ட இருக்கட்டும்."

இசைமண்டபத்தின் பின்பக்க நடைபாதையில் பதினோரு பேரும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். மேடையின் நடுவே கறுப்புத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் நடுவர்கள் ஆறு பேர். வாசிப்பது ஆணா பெண்ணா, யார் வீட்டுப் பிள்ளை என்று அவர்களுக்குத் தெரியக்கூடாது. அதனால் வாசிப்பவருக்குப் பெயர் கிடையாது, எண்தான். செருப்புச் சத்தம் கேட்கக் கூடாது என்று வெறுங்காலோடு கம்பளத்தில் நடக்க வேண்டும். மேடையில் ஒரு வார்த்தை பேசினாலும் பெயரை அடித்துவிடுவார்கள். இதே மண்டபத்தில் போன தடவை ஒருவர் தும்மிவிட்டு, பழக்கதோஷத்தில் ஸாரி சொல்லிவிட்டார். இப்போது அவர் இன்ஷூரன்ஸில் இருக்கிறார்.

கொசுவுக்கு ஏழாம் எண். தன் முறை வரும்போது தந்தியை ஏற்றிக்கொள்ளலாம் என்று வயலின் பெட்டியை இன்னும் திறக்கவில்லை.

முதலில் போனவர் எட்டு நிமிஷம் கழித்து நெற்றியைத் துடைத்துக்கொண்டு வந்தார். இரண்டாமவளும் அப்படியே. நான்காமவர் வெளியே வந்து தன் வயலினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், யாரோ மாற்றி வைத்துவிட்ட மாதிரி.

ஆறாம் எண் ஒரு நெட்டைப் பையன். கல்லூரியில் கொசுவுக்கு ஒரு வருஷம் சீனியர். அங்கே அவனுக்குப் பெயர் ஒட்டகம். அவன் வெளியே வந்து நேராக இவளிடம் வந்தான்.

"உள்ள பியானோ கீழ இருக்கு."

"உனக்கு எப்பவும் ஏதாவது கீழதான் இருக்கும்."

"விளையாடல. மீட்டர் வச்சு சேத்துட்டுப் போனேன். அவங்க 'ஏ' குடுத்ததும் நாலு தந்தியையும் இறக்க வேண்டியதாப் போச்சு. இறக்கின தந்தி நிக்குமா? பாதிப் பாட்டுல மேல ஏறிடுச்சு. என் காதுக்கே நான் வேற ஊர்ல வாசிக்கிற மாதிரி இருந்தது."

அவன் சொன்னது உண்மை. முறுக்கிய தந்தியைச் சட்டென்று தளர்த்தினால் அது நின்ற இடத்தில் நிற்காது. கொஞ்சம் கொஞ்சமாகப் பழைய இடத்துக்கே ஊரும். கோபித்துக்கொண்டு வாசல்வரை போன விருந்தாளி மாதிரி.

"ஏழு," என்று கூப்பிட்டார்கள்.

கொசு செருப்பை அம்மாவிடம் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். பியானோ வாசிப்பவர் அவள் முகத்தைப் பார்க்காமலே 'ஏ'யைத் தட்டினார்.

அவளுக்கு ஒரு விநாடி தான் சமையலறைக்குப் பக்கத்தில் நிற்பதாகத் தோன்றியது. குக்கர் சத்தம் கேட்கும் என்றுகூட எதிர்பார்த்தாள். வீட்டு 'ஏ'. வெளிக் காதுக்கு வேலையே இல்லை. வயலினில் ஒரு தந்தியையும் தொட வேண்டியிருக்கவில்லை. எல்லாம் காலையிலேயே அங்கே வந்து உட்கார்ந்திருந்தது.

அவள் வாசித்தாள். கை நடுங்கவில்லை. தரையும் சாயவில்லை. மூன்று வாரமாகத் தினமும் அப்பா வீட்டுப் பியானோவில் உட்கார்ந்து இந்த உருப்படியை அவளோடு வாசித்திருக்கிறார். இங்கே ஆள்தான் வேறு; சுருதி அப்பாவுடையது. எட்டு நிமிஷம் எப்படிப் போனதென்று தெரியவில்லை. முடித்தபோது திரைக்குப் பின்னால் யாரோ நாற்காலியை நகர்த்தினார்கள். நடுவர்கள் நாற்காலியை நகர்த்துவது, மற்றவர்கள் எழுந்து நின்று கைதட்டுவதற்குச் சமம் என்பார்கள்.

பதினோரு மணிக்கு அறிவிப்புப் பலகையில் மூன்று எண்கள் ஒட்டினார்கள். முதல் எண் ஏழு.

ஒட்டகத்தின் எண் இல்லை. அவன் பலகையைப் பார்த்தான், கொசுவைப் பார்த்தான்.

"உனக்கு சுருதி எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்தது," என்றாள் கொசு.

அம்மா பாட்டிலைத் திறந்து நீட்டினாள். கொசு குடிக்காமல் அம்மாவின் முழங்கையைப் பிடித்து மாடிப்படிக்குக் கீழே இழுத்துக்கொண்டு போனாள்.

"அம்மா, உள்ள இருக்கிறது நம்ம வீட்டு சுருதி."

அம்மா பாட்டிலை மூடினாள். "திருப்பிச் சொல்லு."

"அப்பா மண்டபத்துப் பியானோவ நம்ம வீட்டுப் பியானோ மாதிரி சேத்து வச்சிருக்கார். மத்த பத்துப் பேருக்கும் தந்தி ஊருது. எனக்கு மட்டும் ஊரல."

"உனக்கு மட்டும் ஊரல," என்று அம்மா மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "வா."

அப்பாவுக்கு மண்டபத்தின் அடித்தளத்தில் ஒரு அறை உண்டு. ஜன்னல் இல்லாத அறை. சுவர் முழுக்கக் கழற்றிப்போட்ட பியானோ சுத்திகள், கம்பளித் துண்டுகள், சுருட்டிய தந்திகள். அப்பா மேஜையில் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"கேள்விப்பட்டேன்," என்றார். "முதல் நம்பரே நீதானாம்."

"நீங்க காலையில என்ன சுருதில சேத்தீங்க?" என்று கேட்டாள் அம்மா.

"எப்பவும் சேக்கிற சுருதிதான்."

"எங்க எப்பவும் சேக்கிற சுருதி?"

அப்பா மென்றுகொண்டிருந்ததை விழுங்கினார். மகளைப் பார்த்தார். "என்ன கொசு?"

"முப்பத்தேழுல இருக்குப்பா."

அப்பா டிபன் பாக்ஸை மூடி, மூடியின் நான்கு பக்கத்தையும் அழுத்தினார்.

"மூணு வாரமா தினம் அந்தக் கிழட்டுப் பியானோ முன்னாலயே உக்காந்திருக்கேன். காது அங்கேயே நின்னுபோச்சு போல. ஈரப்பதத்துல பியானோ ஏறும், இல்லையா? காலையில வந்தப்ப இது ஏறியிருக்கிற மாதிரி கேட்டுச்சு. இறக்கிட்டேன்."

"இருநூத்திச் சொச்சம் தந்தியையும்?"

"ஒண்ண இறக்கினா எல்லாத்தையும்தானே இறக்கணும்?"

அம்மா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். நீதிமன்றத்தில் அவள் எழுதத் தொடங்குமுன் உட்காரும் விதம் அது.

"முப்பது வருஷத்துல எத்தனையோ தடவ சொல்லியிருக்கீங்க. 'என் காது பொய் சொல்லாது.' நம்ம கல்யாணத்துக்கு வந்த பேண்டுக்காரர்கிட்ட சொன்னீங்க. டாக்டர்கிட்ட சொன்னீங்க, அவர் பாத்தது உங்க மூக்கை. காது பொய் சொல்லலன்னா, வேணும்னேதான் இறக்கியிருக்கீங்க. வேணும்னே இறக்கலன்னா, காது போச்சு. ரெண்டுல எது?"

"என்னடி, கூண்டுல ஏத்தி நிறுத்தின மாதிரி கேக்கிறே?"

"எது?"

"காதுதான்," என்றார் அப்பா. "வயசாகுதில்ல?"

ஐம்பத்தெட்டு வயதில் ட்யூனருக்குக் காது போவதென்றால் டிரைவருக்குக் கண் போவது மாதிரி. அதற்கப்புறம் பேசுவதற்கு அதிகம் இல்லை.

கொசு வயலின் பெட்டியைக் கீழே வைத்தாள். "நான் போய் மேனேஜர்கிட்ட சொல்றேன்."

"என்னன்னு?"

"சுருதி தப்பு, எனக்கு மட்டும் தோதா இருந்துச்சுன்னு."

"நீ சொன்னா ட்யூனர் பொண்ணுக்கு ட்யூனர் செஞ்சு குடுத்தான்னுதான் ஆகும். உன் பேர அடிச்சுட்டு மத்தவங்களை வச்சு முடிப்பாங்க." அப்பா எழுந்து கையைத் துடைத்துக்கொண்டார். "நான் போறேன். தப்பு என் காதுது. உனக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?"

இசைக்குழுவின் மேனேஜர் பெரிய முடிவுகளை அறிவிப்புப் பலகைக்குப் பக்கத்தில் நின்றுதான் எடுப்பார். உடனே எழுதி ஒட்டிவிடலாமே. அப்பா சொன்னதை முழுக்கக் கேட்டார். அப்புறம் ஒட்டகத்திடம் மீட்டரை வாங்கிக்கொண்டு மேடைக்குப் போய்த் தானே 'ஏ'யைத் தட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"இருபத்தாறு வருஷம்," என்றார்.

"ஆமா சார்."

"காது டாக்டரப் பாத்தீங்களா?"

"இனிமேதான் பாக்கணும்."

"வேற ட்யூனர் சாயங்காலத்துக்கு முன்னாடி கிடைக்கமாட்டார். நீங்களே சேத்துடுங்க. ஆனா இந்த மீட்டர வச்சு. இதுதான் இங்க உங்களுக்குக் கடைசி வேலை, தப்பா நினைக்காதீங்க." அவர் பலகையிலிருந்து மூன்று எண்களையும் கிழித்தார். "மூன்றரைக்குப் பதினோரு பேரும் மறுபடி வாசிக்கிறாங்க."

ஒட்டகம் உடனே தன் ரயிலை விட்டுவிட முடிவு செய்தான். வாழ்க்கையில் அவன் சந்தோஷமாக விட்ட ஒரே ரயில் அது.

பியானோவைத் திரும்பச் சேர்ப்பது இரண்டேகால் மணி நேர வேலை. கொசுவுக்குப் பெஞ்சில் இருப்புக்கொள்ளவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மேடையின் பக்கவாட்டுத் திரைக்குப் பின்னால் போய் நின்றாள். அப்பாவைக் கடைசியாக இங்கே வேலை செய்யும்போது பார்த்துவிட வேண்டும் என்றுதான் வந்தாள்.

மேனேஜர் மீட்டரைப் பியானோ மேல் வைத்துவிட்டு, நடுவர்களுக்குச் சாப்பாடு ஏற்பாடு செய்யப் போய்விட்டார். மேடையில் அப்பா மட்டும். கோட்டைக் கழற்றினார். முறுக்குச் சாவியை எடுத்தார். மீட்டரைக் கையில் எடுத்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, யாரோ கொடுத்த விசிட்டிங் கார்டைப்போல அதைக் கவிழ்த்து ஒரு ஓரமாக வைத்தார். அதன் பொத்தானை அவர் தொடவே இல்லை.

அப்புறம் 'ஏ'யைத் தட்டினார். சாவியை ஒரு இழுப்பு இழுத்தார். மறுபடி தட்டினார்.

கொசுவின் வெளிக் காது அப்படியே எழுந்து உட்கார்ந்தது. நானூற்று நாற்பத்திரண்டு. தேடவில்லை, தடவவில்லை, மேலே போய்க் கீழே வரவில்லை. சொந்த வீட்டு விளக்கு சுவிட்சை இருட்டில் தொடுவதுபோல் நேராகப் போய்த் தொட்டுவிட்டார்.

காது போன மனிதர் செய்கிற காரியம் இல்லை அது.

அவள் மேடைக்கு நடந்து போனாள். அப்பா நிமிர்ந்து பார்த்தார். மகளின் முகத்தைப் பார்த்ததும் கவிழ்த்து வைத்த மீட்டரையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"காலையில தெரிஞ்சேதான் இறக்கினீங்க," என்றாள் கொசு.

அப்பா அடுத்த தந்திக்குச் சாவியை மாற்றினார். "மெதுவாப் பேசு. இந்த மேடையில பேசினாக் கேக்கும்."

"நீங்கதான் காலையில வீட்டுப் பியானோ மூடியைத் திறந்து வச்சிட்டுப் போனீங்களா?"

"மூடியிருந்தாலும் நீ திறந்து தட்டியிருப்பே. தினமும் தட்டறவதானே?"

"எதுக்குப்பா?"

"போன ரெண்டு தடவையும் நல்லாத்தான் வாசிச்சே. நான் கதவுக்கு வெளிய நின்னு கேட்டேன். கிடைக்கல." அவர் ஒரு தந்தியைத் தட்டினார், ஏற்றினார். "நல்லா வாசிச்சா மட்டும் போதாதுன்னு அப்பத் தெரிஞ்சுது. நீ கப்பலுக்குப் போனதிலேர்ந்து உங்கம்மா தினமும் ரேடியோல கடல் வானிலைதான் கேட்டா. நாங்க இருக்கிற இடத்துக்குக் கடல் முந்நூறு கிலோமீட்டர்."

"நான் இன்னைக்கு ஜெயிக்கமாட்டேன்னு முடிவு பண்ணிட்டீங்க."

"ஜெயிப்பேன்னுதான் நினைச்சேன்."

"அப்புறம்?"

"நினைச்சது மட்டும்தான். நிச்சயம் இல்லையே."

அவர் காது போகவில்லை என்பதில் அவளுக்கு முதலில் நிம்மதிதான் வந்தது. அதற்குப் பின்னால் வந்ததுதான் நிம்மதியாக இல்லை. காலையில் அந்த எட்டு நிமிஷம் வாசித்தது யார் என்று இப்போது அவளுக்குச் சரியாகத் தெரியவில்லை.

மேனேஜர் திரும்பி வந்தார். மீட்டரை நிமிர்த்தி, பொத்தானை அழுத்தி, 'ஏ'யைத் தட்டிப் பார்த்தார். நானூற்று நாற்பத்திரண்டு, ஒரு முடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"பாத்தீங்களா?" என்றார் அப்பாவிடம், அன்பாகவே. "மீட்டர் இருந்தா யார் வேணாலும் சேக்கலாம்."

அப்பா தலையாட்டினார். கொசு வாயைத் திறந்தாள். அப்பா அவளைப் பார்க்காமல் அடுத்த தந்தியைக் கொஞ்சம் பலமாகத் தட்டினார். அவள் வாயை மூடிக்கொண்டு இறங்கிப் போனாள்.

மறுபடி ஏழாம் எண்ணைக் கூப்பிட்டபோது மணி நாலரை. காலையில் மற்றவர்களுக்கு நடந்தது இப்போது அவளுக்கு. பெஞ்சிலேயே தந்தியை ஏற்றி வைத்திருந்தாள். ஏற்றிய தந்தி ஊரும், இந்தத் தடவை கீழ்நோக்கி. முதல் பக்கம் முடிவதற்குள் 'ஏ' தந்தி ஒரு மயிரிழை இறங்கிவிட்டது. விரலை மேலே தள்ளி வைத்தாள். இறங்க இறங்கத் தள்ளினாள். வீட்டுக் காது, இதுதான் சரி, விட்டுவிடு என்றது. அதைக் கேட்காமல் வாசித்தாள். கோபத்தில் வில் கொஞ்சம் அழுந்தியது. எல்லாம் அழகாக இருந்தது என்று சொல்ல முடியாது. காலையைவிடக் கரடுமுரடு. ஆனால் ஒவ்வொரு சுரத்தையும் அவளே போய்ப் பிடித்துக்கொண்டு வந்தாள். யாரும் எடுத்து வைத்திருக்கவில்லை.

திரைக்குப் பின்னால் நாற்காலி எதுவும் நகரவில்லை.

ஐந்தரைக்கு மேனேஜர் பலகையில் ஒரே ஒரு எண்ணை ஒட்டினார். அது ஏழு.

ஒட்டகம் முதலில் வந்து கை கொடுத்தான். "இப்ப ஒண்ணும் சொல்றதுக்கில்ல," என்றான். அடுத்த ரயில் ஏழரைக்கு. அதுவரை இருந்து எல்லோருக்கும் அவளைப் பற்றியே சொல்லிக்கொண்டிருந்ததாகக் கேள்வி.

மேனேஜர் தன் அறையில் கொசுவை உட்காரவைத்து இரண்டு பக்கப் படிவம் ஒன்றை நீட்டினார். அம்மா வழக்கம்போல் அதை வாங்கி முதலில் தான் படித்தாள், வாய்விட்டு, ஒரு எழுத்து விடாமல். வேலை நேரம். ஒத்திகை. உடை. இரண்டாம் பக்கத்தின் கடைசியில்: "இத்தேர்வில் எவ்வித முறைகேடும் நடந்ததாக நான் அறியவில்லை என்று உறுதி கூறுகிறேன்."

"இது சும்மா ஒரு வழக்கம்," என்றார் மேனேஜர். பேனாவை நீட்டினார்.

கொசு பேனாவை வாங்கினாள். கதவோரம் அப்பா சாமான் பையோடு நின்றார். இருபத்தாறு வருஷச் சாவிகள் அதில் இருந்தன. அவர் அந்தக் கடைசி வரியைக் கேட்கவில்லை என்று சொல்ல முடியாது. அந்தக் காதைப் பற்றித்தான் நமக்குத் தெரியுமே.

"நாளைக்குக் காலையில குடுக்கிறேன் சார்," என்றாள் கொசு.

"இத வீட்டுக்கு எடுத்துட்டுப் போற முதல் ஆள் நீதாம்மா. இன்னைக்கு ராத்திரி மனசு மாறிடாதே."

பேருந்தில் கூட்டம் இல்லை. அப்பா முன்னால் தனியாக உட்கார்ந்து சாமான் பையை மடியில் வைத்துக்கொண்டார். அம்மாவும் மகளும் பின் இருக்கையில்.

"எதுக்குக் கையெழுத்துப் போடல?" என்று கேட்டாள் அம்மா.

"அப்பாகிட்ட கேளு."

"நான் உன்னைக் கேட்டேன்."

"நான் சொன்னா காட்டிக் குடுத்த மாதிரி ஆகும். கையெழுத்துப் போட்டா பொய் சொன்ன மாதிரி ஆகும். அதான். அவர்கிட்ட கேளு."

அம்மா மகளை ஒரு கணம் பார்த்தாள். எழுந்து, கம்பியைப் பிடித்துப் பிடித்துப் போய் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். எஞ்சின் சத்தத்தில் பின்னால் ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவின் தலை குனிந்தது தெரிந்தது. கை ஒருமுறை மேலே போய், ஒரு சாவியை இழுப்பதுபோல் காற்றில் இழுத்துக் காட்டிவிட்டு இறங்கியது. பேருந்து இரண்டு நிறுத்தம் நின்று கிளம்பியது. அவ்வளவு நேரமும் அம்மா ஒருமுறைகூடக் குறுக்கே பேசவில்லை. முப்பது வருஷத் தாம்பத்தியத்தில் அப்படி ஒன்று நடந்ததில்லை.

மூன்றாவது நிறுத்தம் வருமுன் அப்பா எழுந்து மணியை அழுத்தினார்.

கொசு பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "நம்ம ஸ்டாப் இன்னும் நாலு இருக்குப்பா."

"தெரியும். நீ வீட்டுக்குப் போ. நான் மட்டும் போயிட்டு வரேன்."

"எனக்கும் சேத்துத்தானே போறீங்க? உங்கள மட்டும் விட்டா மறுபடி காதுன்னு சொல்லிட்டு வந்துடுவீங்க."

"சொன்னா உனக்கும் கிடைக்காது, கொசு. நாளைக்குக் கப்பல்தான்."

"இருக்கட்டும். எனக்கு இன்னும் தரை ஆடிக்கிட்டுத்தான் இருக்கு."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா ஏற்கெனவே படியில் நின்றாள்.

மூன்று பேரும் இறங்கிச் சாலையைக் கடந்து எதிர்ப்பக்க நிறுத்தத்தில் நின்றார்கள். யாரும் யாரையும் பார்க்கவில்லை. தூரத்தில் மண்டபத்துப் பக்கம் போகிற பேருந்து திரும்புவது தெரிந்தது. டிரைவர் நிறுத்துகிற எண்ணத்தில் இல்லை, வேகமாகத்தான் வந்தான்.

சாமான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சாலையில் இரண்டடி இறங்கிக் கையை நீட்டியவர் அப்பாதான்.